தம்பி மாற்றிக்கொண்ட டியூட்டி

திருப்பதியில் ஒரு டிகிரி காலேஜில் அரசியல் பாடம் நடத்துகிறேன். புத்தூரிலிருந்து காலை ரயிலில் போய்ச் சாயங்கால ரயிலில் திரும்பி வருவேன். நைனா இறந்த பிறகு வீட்டில் அம்மாவும் நானும்தான். தம்பி ஐ.டி.ஐ. முடித்துச் சரக்குக் கப்பலில் இன்ஜின் அறை வேலைக்குப் போய்விட்டான். வருஷத்தில் பாதி கடலில் இருப்பான்.

அவன் கப்பல் தாக்கப்பட்ட சேதி எனக்குக் காலேஜில் இருக்கும்போதுதான் வந்தது. அவனை வேலைக்கு அனுப்பிய சென்னை ஆபீஸிலிருந்து ஒருவர் பேசினார். செங்கடலில் போய்க்கொண்டிருந்த கப்பல்மேல் ஏவுகணை விழுந்திருக்கிறது, ஆட்களை வேறொரு கப்பல் ஏற்றிக்கொண்டுவிட்டது, ஒருவரை மட்டும் காணவில்லை, அது யார் என்று இன்னும் தெரியவில்லை என்றார். தெரிந்ததும் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டார்.

அந்த வேளையில் ரயில் கிடையாது. பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா அழவில்லை. முகம் கழுவி, பெருமாள் படத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். அவன் உயிரோடு வந்துவிட்டால் மலைக்கு வந்து தன் தலைமுடியைக் கொடுத்துவிடுவதாக வாய்விட்டு வேண்டிக்கொண்டாள். அந்த வயதிலும் அம்மாவுக்கு இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி. தினமும் அதை வாரி முடிப்பதற்கே நேரம் ஒதுக்குவாள்.

நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எனக்கு வேண்டிக்கொள்ள வரவில்லை. நம்பிக்கை இல்லாதவள் என்று என்னைச் சொல்ல முடியாது. திருப்பதியில் வேலை பார்த்துக்கொண்டு, நாளெல்லாம் அந்த மலையைப் பார்த்துக்கொண்டு அப்படிச் சொல்வதும் கஷ்டம். ஆனால் காணாமல் போனவன் ஒருவன். அது நடந்து முடிந்துவிட்டது. அவன் என் தம்பியாக இருக்கக் கூடாது என்றால், வேறு யாரோ ஒருத்தியின் தம்பியாக இருந்தாக வேண்டும். அதைத்தான் நான் சாமியிடம் கேட்கவேண்டியிருந்தது. கேட்க முடியாமல் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் தம்பியே போன் பண்ணினான். "அக்கா, நான்தான்," என்றான். அம்மா போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு அவன் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

காணாமல் போனவன் வரதய்யபாளையத்துப் பையன். இன்ஜின் அறையில் தம்பியோடு வேலை செய்தவன். தேசம் தேசமாக ஆட்கள் இருந்த கப்பலில் நம் பக்கத்துத் தமிழ் பேசியவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான். ஒன்றாகச் சமைத்துச் சாப்பிடுவார்களாம். அவன் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை.

தம்பி வீடு வந்து சேர்ந்த வாரம் முழுக்க உறவுக்காரர்கள் வந்து போனார்கள். எல்லோரும் ஏழுமலையான்தான் காப்பாற்றினார் என்றார்கள். அப்போதெல்லாம் தம்பி எழுந்து உள்ளே போய்விடுவான். பெரியப்பா முறை வரும் ஒருவர், செத்துப் போனவன் வேதக்காரன், கிறிஸ்தவன் என்று எப்படியோ தெரிந்துகொண்டு வந்து, "அவங்க சாமிய மாத்திக்கினவங்க. அதான் அப்பிடி," என்றார். வந்தவர்கள் கிளம்பும்போது கேட் வரை போய் வழியனுப்புவது அம்மாவின் வழக்கம். அவர் கிளம்பும்போது அம்மா உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை.

நான் வகுப்பில் அந்தக் கடலை வரைபடத்தில் காட்டிப் பாடம் நடத்தியிருக்கிறேன். கப்பலின் சொந்தக்காரர் ஒரு நாடு, அது பறக்கவிடும் கொடி வேறொரு நாடு, சரக்கு போய்ச் சேருவது இன்னொரு நாடு. அடித்தவர்களும் காரணம் வைத்திருந்தார்கள். எங்கோ குண்டு விழுந்து சாகிற பிள்ளைகளுக்காகத்தான் அடிக்கிறோம் என்றார்கள். அந்தப் பிள்ளைகள் சாவதும் பொய்யில்லை. அவர்களுடைய அம்மாக்களும் யாரையோ பார்த்து வேண்டிக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். ஏவுகணையை விட்டவனும் கடவுள் பெயரைச் சொல்லித்தான் விட்டிருப்பான். இத்தனை பேர் ஒரே சமயத்தில் மேலே பார்த்துக் கேட்டதில், எங்கள் வீட்டுக்கு ஒரு பதிலும் வரதய்யபாளையத்தில் ஒரு வீட்டுக்கு வேறு பதிலும் வந்தது. இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு விளங்கவில்லை.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தம்பி தட்டைத் தள்ளிவைத்தான். ஏவுகணை விழுந்த நேரத்தில் இன்ஜின் அறையில் இருந்திருக்கவேண்டியது தான்தான் என்றான். அந்தப் பையன் டியூட்டியை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறான், இவனும் சரி என்றிருக்கிறான். செத்துப் போனவனின் பெண்டாட்டியைப் பார்த்து இதைச் சொல்லாமல் தன்னால் இருக்க முடியாது என்றான். சொன்னால் அந்தப் பெண்ணுக்கு இன்னும் வேதனைதானே என்று நான் தடுத்துப் பார்த்தேன். அம்மா மட்டும், "நானும் வரேன்," என்றாள்.

நாகலாபுரம், சத்தியவேடு வழியாக மூன்று பேரும் பஸ்ஸில் வரதய்யபாளையம் போனோம். வழியெல்லாம் தம்பி ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தான். ஊருக்கு வெளியே புதிதாகக் கட்டிய வீடு. பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. தம்பியைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டாள். வீடியோ காலில் பலமுறை பார்த்திருக்கிறாள். மாமியார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போயிருப்பதாகச் சொல்லி, நாற்காலிகளை இழுத்துப் போட்டாள்.

தம்பி உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னான். "அவன் இருந்த எடத்துல நான் இருந்திருக்கணும்மா. அது என்னோட டியூட்டி. மாத்திக்கலாமான்னு கேட்டான், சரின்னுட்டேன்."

அவள் தரையைப் பார்த்தாள். "தெரியும்ணா," என்றாள். "கேக்கச் சொன்னதே நான்தான்."

பிறகு விட்டுவிட்டுச் சொன்னாள். வீடு கட்டி முடிந்து, அந்த ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் வந்து ஜெபம் பண்ணுவதாக இருந்தது. அவனுக்கு ஞாயிறு அந்த நேரம் டியூட்டி. ஜெபம் நடக்கும்போது போனிலாவது அவன் இருக்கவேண்டும் என்று இவள் பிடிவாதம் பிடித்தாள். அதற்காகத்தான் அவன் தன் ஞாயிற்றுக்கிழமையைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு, தம்பியின் முறையைத் தான் எடுத்துக்கொண்டான். ஏவுகணை விழுந்தது அந்த முறையில்தான். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. பாஸ்டரிடமும் சொல்லவில்லை. மாமியாருக்குத் தெரிந்தால் நீதான் என் பிள்ளையைக் கொன்றாய் என்பாளோ என்று பயம்.

"ஜெபத்துக்குத்தானே கேக்கச் சொன்னேன்," என்றாள். "சினிமாவுக்கா சொன்னேன்?"

தம்பி அப்படியே சுவரோரம் தரையில் உட்கார்ந்துவிட்டான். இத்தனை நாளும் தன் மேல் மட்டும் இருப்பதாக அவன் நினைத்த பாரத்தை, ஒரு பெண் இந்தப் புது வீட்டில் தனியாகச் சுமந்துகொண்டிருந்தாள்.

அம்மா எழுந்துபோய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நான் அன்னிக்கு என் புள்ளைக்காவ மட்டும்தான் வேண்டிக்கினேன், கண்ணு," என்றாள். "உன் வூட்டுக்காரன் ஒருத்தன் கீறதே எனக்குத் தெரியாது."

"தெரிஞ்சிருந்தா வேண்டிக்கினு இருப்பீங்கம்மா," என்றாள் அவள். அதைச் சொன்ன பிறகுதான் அழுதாள். அம்மாவும் அழுதாள். மாமியார் வரும் சத்தம் கேட்டதும் இரண்டு பேரும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். எங்களைச் சாப்பிடாமல் அனுப்பவில்லை.

திரும்பி வந்ததும், வேண்டுதலை என்ன செய்யப்போகிறாய் என்று அம்மாவைக் கேட்டேன். அவள் மனசு மாறியிருக்கும் என்று நினைத்திருந்தேன். "அவரு செஞ்சாரோ இன்னாவோ, எனக்குத் தெரியாது. நான் சொன்னது சொன்னதுதான்," என்றாள்.

மலைக்குத் தம்பியும் வந்தான். பையைத் தூக்கிக்கொண்டு, முடி இறக்கும் கல்யாணகட்டா வாசல் வரை வந்தவன், தரிசனத்துக்கு வரவில்லை என்றான். நன்றி சொல்லத் தன்னால் முடியாது, சண்டை போடவும் தெம்பில்லை என்றான். அம்மா வற்புறுத்தவில்லை. வெயிலில் நிற்காதே என்று மட்டும் சொன்னாள். உள்ளே ஒரு பெண்மணி அம்மாவின் தலையை நனைத்து, நெற்றியிலிருந்து பின்பக்கமாக மழித்துக்கொண்டே போனாள். மடியில் விழுந்த முடியை அம்மா ஒருமுறைகூடக் குனிந்து பார்க்கவில்லை.

வரிசை நகர்ந்து நகர்ந்து சன்னிதிக்குப் போனபோது, எல்லோரையும்போல எங்களையும் ஒரு நொடியில் ஜரகண்டி ஜரகண்டி என்று நகர்த்திவிட்டார்கள். வெளியே வந்து அம்மாவிடம், என்ன வேண்டிக்கொண்டாய் என்று கேட்டேன்.

"ஒண்ணும் வேண்டல," என்றாள். "சும்மா பாத்துக்கினு வந்தேன்."

தம்பி மறுபடி கப்பலுக்குப் போகவில்லை. தடா பக்கத்தில் ஒரு ஃபேக்டரியில் மெஷின் பார்க்கிறான். சாமியைப் பற்றிப் பேச்செடுத்தால் விலகிப் போகிறான், ஆனால் வீட்டில் விளக்கேற்றினால் அணைக்கச் சொல்வதில்லை. அந்தப் பெண் ஊரிலேயே ஒரு ஸ்கூலில் ஆயாவாகச் சேர்ந்திருக்கிறாள். சாயங்காலங்களில் அம்மாவும் அவளும் போனில் பேசிக்கொள்கிறார்கள். நான் ரயிலிறங்கி வரும்போது பெரும்பாலும் அந்தப் பேச்சு நடந்துகொண்டிருக்கும். குழந்தைக்குச் சளி, மழை வருமா வராதா, கத்தரிக்காய் நன்றாக இல்லை என்கிற பேச்சுதான். கடவுளைப் பற்றியோ அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றியோ அவர்கள் பேசி நான் கேட்டதில்லை. நானும் செருப்பைக் கழற்றிவிட்டு, அவர்கள் பேசி முடிக்கும்வரை சமையலறைப் பக்கம் போய்விடுகிறேன்.