இருபத்தாறு கம்ப்யூட்டர், ஒரே ஃபைல்

பத்தாவது பெயில் ஆனவன் நான். ஊர் ஊராகச் சுற்றியதில் கம்ப்யூட்டர் பழகிக்கொண்டு, கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையின் கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கும் கான்ட்ராக்ட் வேலையில் சேர்ந்தேன். புதுவாயலில் அறை. மூன்று பேருக்கு ஒரே பாய். ஷிஃப்ட் மாறினால் பாயில் ஆள் மாறும்.

ஆலையின் இருபத்தாறு கம்ப்யூட்டர்களிலும் பைத்தான் நிரல்கள் ஓடின. யார் லாகின் செய்தாலும், அவர் நிரலுக்குத் தேவையான மென்பொருள் தொகுப்புகளை 'பிப்' என்ற கருவி இணையத்திலிருந்து இறக்கிக் கொடுக்கும். ஒருநாள் நிர்வாகம் வெளி இணையத்தை மூடியது. இனி ஆலைக்குள் இருக்கும் சர்வரிலிருந்துதான் எடுக்க வேண்டும். அதன் முகவரியை ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் பிப்பின் செட்டிங்கில் ஏற்ற வேண்டும். கையால் ஏற்றி ரெஜிஸ்டரில் எழுதச் சொன்னார் இன்ஜினியர். நான் இருபது வரியில் ஒரு நிரல் எழுதி, காலையிலேயே எல்லாவற்றிலும் ஏற்றிவிட்டேன்.

மதியம் இரண்டு மணிக்கு ஷிஃப்ட் மாறியதும் எல்லாக் கம்ப்யூட்டர்களிலும் நிரல்கள் நின்றன. லாரி எடைமேடைப் பெண் போனில் கத்தினாள்.

"அண்ணா, இன்னா பண்ணி வெச்சிக்கீங்க? லாரிங்க லைன் கட்டி நிக்குது. டிரைவருங்க என்னைத் திட்டிக்கினு இருக்காங்க!"

தப்பு என்னுடையதுதான். காலை ஷிஃப்ட் ஆட்களின் லாகினில் நிரலை ஓட்டியிருந்தேன். செட்டிங் அவர்களுக்கு மட்டும் பதிந்தது. மதிய ஷிஃப்ட் ஆட்கள் தங்கள் லாகினில் நுழைந்ததும், பிப் மூடிய இணையத்தையே தேடி நின்றது. பாய் அறைக்குச் சொந்தம், ஆளுக்கு இல்லை என்று தினமும் பார்க்கிறவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

இன்ஜினியர் வந்தார்.

"பத்தாவது பெயிலு, உனக்கு எதுக்குய்யா கோடிங்கு? அந்த புரோகிராம் ஃபைலை அழிச்சிட்டு கையால போடு. இல்லன்னா நாளைக்கு கேட் பாஸ் கிடையாது."

"கையால போட்டிருந்தாலும் இதே தப்புதான் சார், இருபத்தாறு வாட்டி பண்ணியிருப்பேன். இப்போ ஒரு வார்த்தை மாத்துனா போதும். அழிக்க மாட்டேன்."

"திமிரைப் பாரு."

"பாஸு வேணும்னா எடுத்துக்குங்க சார்."

கழுத்தில் மாட்டியிருந்த பாஸைக் கழற்றி அவர் மேஜையில் வைத்தேன். நிரலில் 'ஆளுக்கு' என்றிருந்ததை 'மொத்த மெஷினுக்கும்' என்று மாற்றி, அட்மின் லாகினில் ஓட்டினேன். லாரிகள் நகர்ந்தன.

மறுநாள் காலை பாஸ் இல்லாமல் கேட்டில் நின்றேன். இன்ஜினியரே அதை எடுத்துக்கொண்டு வந்தார்.

"மூணு ஷிஃப்டும் ஓடிச்சு. ரெஜிஸ்டர்ல மட்டும் கையால போட்டதா எழுதிடு."

பாஸை மாட்டிக்கொண்டு ரெஜிஸ்டரைத் திறந்தேன். 'கையால் ஏற்றியது' என்ற தலைப்பை அடித்துவிட்டு 'நிரலால்' என்று எழுதினேன். இருபத்தாறு வரிக்கும் சேர்த்து ஒரே கையெழுத்து போட்டேன்.