நிறுத்து என்றால்

"பதற்றம் மிகுந்தவர், வலி தாங்கும் சக்தி குறைவு, ஒத்துழைக்க மறுத்தார்" என்று நோலீன் டிரகென்சாவைப் பற்றி எங்கள் ஊர் கிளினிக்கின் கணினி சொல்கிறது. ஆடு மேய்க்கும் நாய்களைப் பழக்கி விற்பவர் நோலீன். கடா இடித்து முறிந்த தோளோடு தானே வண்டியோட்டி டப்போ நகர ஆஸ்பத்திரி வரைக்கும் போனவர், வழியில் நிறுத்தி நாய்களுக்குத் தண்ணீரும் வைத்தார். ஒத்துழைக்க மறுத்தார் என்பது மட்டும் உண்மை.

மாதவிலக்கு நின்று பல வருடங்கள் கழித்து, அறுபது தாண்டிய வயதில், அவருக்கு ரத்தம் கண்டது. புற்றா என்று தெரிய, கருப்பையிலிருந்து துளிச் சதை எடுத்துப் பார்க்க வேண்டும். டாக்டர் லாக்லன் பைக் இனிமையானவர். "சுருக்குனு இருக்கும், அவ்ளோதான்" என்று புன்னகைத்து, புன்னகை மாறாமலே குழாயை உள்ளே விட்டார். நோலீன் "நிறுத்து!" என்று அலறினார். "இதோ முடிஞ்சுது" என்றார் டாக்டர். முடியவில்லை. நோலீன் அவரை உதைத்துத் தள்ளிவிட்டு, கால்சட்டையை மாட்டிக்கொண்டு வெளியேறினார். சதை கிடைக்கவில்லை.

ரத்தமும் நிற்கவில்லை. ஆனாலும் குளிர்காலம் வரை அவர் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. டாக்டரைப் பற்றி அவர் ஊரில் சொன்னவற்றில் அச்சில் ஏற்றத் தக்கது ஒன்றுமில்லை.

சனிக்கிழமைகளில் பைக்தான் கால்பந்துக் குழுவுக்கும் டாக்டர். ஒரு பையனுக்கு விரல் பிசகியது. உடனே பச்சை விசிலை அவன் வாயில் வைத்தார். உறிஞ்சினால் வலியை அடக்கும் மருந்துக் குழாய் அது. வேலியோரம் காரில் சாய்ந்திருந்த நோலீன் நேரே மைதானத்துக்குள் நடந்தார்.

"ஏன் டாக்டரே, இவன் சுண்டு விரலுக்கு விசிலு, என் கர்ப்பப்பைக்குப் புன்சிரிப்பா?"

"இங்க வேணாம் நோலீன். ஆட்டம் நடக்குது."

"நடக்கட்டும். எப்படியும் தோக்கத்தானே போறீங்க?"

"நீங்க விசில் கேக்கலையே..."

"இருக்குன்னு சொன்னாத்தானே கேக்க? நிறுத்துன்னு கேட்டேன். அது காதுல விழுந்துச்சா?"

டாக்டர் சிவந்துபோனார். "செவ்வாக்கிழம வாங்க. விசில் தர்றேன், மரத்துப்போக ஊசியும் போடறேன்."

"நிறுத்துன்னா?"

"நிறுத்துறேன்."

"பாப்போம்."

செவ்வாயன்று டாக்டர் முதலில் விளக்கை மட்டும்தான் திருப்பினார். "நிறுத்து" என்றார் நோலீன். கை நின்றது.

"வலிக்குதா?"

"இல்ல. ஆடே இல்லாத எடத்துல நில்லுன்னா நிக்காத நாயி, ஆட்டைக் கண்டா நிக்குமா?"

நர்ஸ் மார்ஜ் முகக்கவசத்துக்குள் சிரித்தார்.

"நான் நாயா?"

"நாயா இருந்தா எப்பவோ வித்திருப்பேன்."

பிறகு நிஜமாகவே வலித்தபோது இன்னொரு முறை சொன்னார். குழாய் உடனே வெளியே வந்தது. அவர் "ம், ஆகட்டும்" என்று சொல்லும்வரை டாக்டர் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார், புன்னகைக்கவில்லை. நோலீனுக்கு அவரிடம் பிடித்தது அது ஒன்றுதான்.

புற்றுதான். ஆனால் அறுத்தெடுக்கக்கூடிய கட்டம். நோலீன் நன்றி சொல்லவில்லை. இன்றும் தெருவில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

அந்தச் செவ்வாயன்று அவர் விசிலை உறிஞ்சிக்கொண்டு, மறுபடி வலித்தபோது "நிறுத்து" என்று சொல்லாமல் படுத்திருந்து, சதையை எடுக்கவிட்டார்.