செவலையைத் தோண்ட மாட்டேன்

பாலக்காட்டுக்குக் கிழக்கே எங்கள் பக்கம் ஆனி மாதக் கணவாய்க் காற்றில் எதுவும் நேராக நிற்காது. எழுபதுகளில், கிணற்று மோட்டாருக்குக் கரண்டு வந்த புதிதில், ஒரு மத்தியானம் கம்பி அறுந்து வரப்பில் விழுந்தது. அங்கே மேய்ந்துகொண்டிருந்த எங்கள் செவலை எருது, நாங்கள் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் செத்துவிட்டது. கடலை விதைக்க இன்னும் உழவு பாக்கி. ஒற்றை எருதை வைத்துக்கொண்டு என்னத்தை உழுவது?

கரண்டாபீசுக்கு ஆள் அனுப்பினோம். லைனை நிறுத்திவிட்டு லைன்மேன் அன்றைக்கே வந்தார். செத்துக் கிடந்த எருதைத் தாண்டித் தாண்டி நடந்து, அறுந்த நுனிகளை முறுக்கி ஒட்டுப்போட்டார். கம்பத்தில் ஏறி இழுத்துக் கட்டினார். சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

ஏர் இழுத்த மாட்டை நாங்கள் இரவு முழுக்க வெளியே போட்டுவைக்க மாட்டோம். நாய் நரி வாய் வைக்கக்கூடாது. மஞ்சள் தண்ணீர் தெளித்து, நெற்றியில் பொட்டு வைத்து, இருட்டுவதற்குள் அது விழுந்த இடத்திலேயே குழிவெட்டிப் புதைத்தோம். அதன் ஜோடி மயிலை எருது அன்று தீனி தொடவில்லை. நானும் பெற்ற பிள்ளை போனமாதிரி அழுதேன்.

நஷ்டபரிகாரம் கிடைக்கும் என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொன்னதால் கரண்டாபீசில் மனு கொடுத்தோம். விசாரிக்க ஒரு மலையாள ஆபீசர் ஜீப்பில் வந்தார். மாட்டு டாக்டர் அறுத்துப் பார்த்துக் கொடுத்த சர்டிபிகேட் எங்கே என்றார். அப்படி ஒன்று வேண்டுமென்று யாருக்குத் தெரியும்? புதைத்தாகிவிட்டது என்றோம்.

"அப்போ தோண்டணும். கரண்டு அடிச்சதோ, தீனம் வந்து செத்ததோ, எங்ஙன அறியும்?"

என் வீட்டுக்காரர் வாயில்லாப் பூச்சி. விதைப்பு தவறினால் அந்த வருஷமே போச்சு என்ற பயம் வேறு. மண்வெட்டியை எடுத்துவிட்டார். நான் போய்க் குழிமேல் உட்கார்ந்துகொண்டேன்.

"தோண்ட முடியாதுங்க."

"எந்திரி புள்ள. பணம் வராமப் போயிரும்," என்றார் அவர்.

"வராட்டிப் போகட்டுங்க. நமக்கு ஒழச்ச மாட்டக் கெளறி நாறடிக்கோணுமா?"

அத்தாட்சி இல்லாமல் சர்க்கார் காசு கொடுக்காது என்று சொல்லிவிட்டு ஆபீசர் வாட்ச்சைப் பார்த்தார். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. கம்பி அறுந்தது என்று ஆள் அனுப்பியபோது மட்டும் அத்தாட்சி கேட்டார்களா?

"ஏனுங்க சார், கீழயே பாக்கறீங்க? மேல பாருங்க."

பார்த்தார். நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேர் மேலே, கறுத்த கம்பியில் அந்தப் புது ஒட்டு வெயிலில் மின்னியது.

"அது உங்க ஆளு போட்டதுங்க. எங்க எருதத் தாண்டித் தாண்டித்தான் போட்டாரு. அவரக் கூப்புட்டுக் கேளுங்க. எதையாச்சும் அறுத்தே ஆகோணும்னா, அந்த ஒட்ட அறுத்துப் பாருங்க."

 அவர் லைன்மேனின் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

பணம் வந்தது, விதைப்பெல்லாம் முடிந்து சாவகாசமாக. அதற்குள் மயிலையோடு கறவை மாட்டைப் பூட்டி உழுதுவிட்டோம். ஊரே வரப்பில் நின்று சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும்.

செவலை கிடக்கும் இடத்தில் இன்றுவரை மண்வெட்டி படவில்லை. நான் இருக்கும்வரை படவும் விடமாட்டேன்.