முதல் வரிசையில் சிரித்தவர்

எனக்குக் கோபம் மூக்கு மேல. என் மனைவிக்கு வாய் நீளம், மைக் கிடைச்சிட்டா கேக்கவே வேணாம். குளுவாங்ல அரசாங்கப் பள்ளி டீச்சர். சனி, ஞாயிறானா கல்யாணம், டின்னர்னு மேடையேறி ஊரையே சிரிக்க வைப்பா.

அன்னிக்குக் கோயில் டின்னர். திருவிழாவுல கமிட்டிக்காரங்க மாலை, பொன்னாடை, நன்றியுரைன்னு இழுக்கிறதைக் கிண்டல் பண்ணா. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த அம்மன், தேரை விட்டு இறங்கி டாக்ஸி பிடிச்சுத் தனியாவே ஊர்வலம் போயிட்டாளாம். மண்டபமே குலுங்குச்சு. நான் போன்ல வீடியோ பிடிச்சுக்கிட்டு இருந்தேன்.

வேற யாரோ எடுத்ததுல அம்மன், டாக்ஸி அந்த ஒரு துண்டை மட்டும் வெட்டி வாட்சாப்ல விட்டுட்டாங்க. சாமியை இழிவுபடுத்திட்டான்னு ஆளாளுக்குக் கொதிச்சாங்க. கமிட்டி செயலாளரே போலீஸ் ரிப்போர்ட் பண்ணிட்டாரு. கேஸ் கோர்ட்டுக்குப் போனா டீச்சர் வேலை அம்போ. வாக்குமூலம் கொடுக்க போலீஸ் பாலாய்க்கு வரச் சொன்னாங்க.

கிளம்புறதுக்கு முன்னால என் வீடியோவை முழுசாப் போட்டுப் பார்த்தேன். முதல் வரிசையில அதே செயலாளர். மேசையைத் தட்டி, கண்ணாடியைக் கழட்டி, கண்ணைத் துடைச்சுத் துடைச்சுச் சிரிக்கிறாரு. மாட்டினாருடா மனுஷன்னு துள்ளிட்டேன்.

பாலாய் வாசல்ல, காருக்குள்ளயே போனை அவகிட்ட நீட்டினேன். இதைக் காட்டு, கதை முடிஞ்சிதுன்னேன். அவ அந்த இடத்தை ரெண்டு தடவை பார்த்தா. நல்லாச் சிரிச்சிருக்காருல்லன்னு சந்தோஷப்பட்டுக்கிட்டா, பாருங்க. அப்புறம் போனைத் திருப்பிக் கொடுத்துட்டா.

"வேணாங்க. சிரிச்சதுக்காக ஒருத்தரைக் காட்டிக் கொடுத்தா, இனிமே என் முன்னால யாருங்க தைரியமாச் சிரிப்பாங்க?"

பைத்தியமா உனக்குன்னு கத்தினேன். வேலை போயிடும்னு கெஞ்சினேன். தெரியும்னுட்டு கதவைத் திறந்துக்கிட்டுப் போயிட்டா.

மூணு மணி நேரம் கார்ல வெந்தேன். திரும்பி வந்து கார்ல ஏறினப்புறம்தான் நடந்ததைச் சொன்னா. உள்ள அவ முழு ஜோக்கையும் மலாய்ல ஒரு வரி விடாம சொல்லியிருக்கா. அதிகாரி சிரிக்காம ஒவ்வொண்ணா டைப் அடிச்சாராம். சொன்னது நான்தான், மாத்த ஒண்ணும் இல்லைன்னு கையெழுத்துப் போட்டாளாம். யார் யார் சிரிச்சாங்கன்னு கேட்டதுக்கு, எல்லாரும்தான்னாளாம். எனக்கு வந்த கோபமெல்லாம் எங்கயோ போயிடுச்சு. இவகூடவா இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினோம்னு மலைச்சுப் போய் ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன்.

மூணு மாசம் தூக்கமில்லை. அப்புறம், மேல் நடவடிக்கை இல்லைன்னு தகவல் வந்துச்சு.

அந்த வெள்ளிக்கிழமை கோயில்ல செயலாளர் தயங்கித் தயங்கி எங்ககிட்ட வந்தாரு. முகம் செத்துப் போயிருந்துச்சு.

"தம்பி, அன்னிக்கு நீங்க வீடியோ எடுத்தீங்கல்ல?"

நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அவ முந்திக்கிட்டா.

"அவரு எப்பவும் என் மூஞ்சியை மட்டும்தாண்ணே எடுப்பாரு."

அவர் தலை குனிஞ்சது நிமிரவே இல்லை. தீபாராதனை மணி அடிச்சது. எல்லாரும் அம்மன் பக்கம் திரும்பினாங்க. நான் என் பெண்டாட்டியையே பார்த்துக்கிட்டு நின்னேன்.