ரிப்போர்ட்டில் நான் நன்றாக இருந்தேன்

புரோஸ்டேட்டில் புற்றுநோய் என்று சொல்லி, அறுத்து எடுத்து, இனி பயமில்லை என்று சென்னை ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். பிழைத்தது உண்மைதான். ஆனால் அதற்குப் பிறகு என் மூத்திரம் என் பேச்சைக் கேட்பதில்லை. இருமினால் வரும். குனிந்து வரப்பில் ஒரு புல்லைப் பிடுங்கினால் வரும். சிரித்தால்கூட வரும். அதனால் சிரிப்பதையே குறைத்துக்கொண்டேன். மதகுப் பலகை சரியாக உட்காராவிட்டால் தண்ணீர் கசிந்துகொண்டே இருக்குமே, அந்தக் கதைதான்.

வலங்கைமானுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஆயுசு முழுக்க வெள்ளை வேட்டி கட்டிய ஆள் நான். ஆபரேஷனுக்குப் பிறகு கறுப்புக் கைலிக்கு மாறினேன். டீக்கடை பெஞ்சில் உட்காருவதில்லை. பஸ் ஏறுவதில்லை. கல்யாணப் பத்திரிகை வந்தால் மனைவியை மட்டும் அனுப்பினேன். "என்னங்க, ஆளையே காணோம்?" என்று யாராவது கேட்டால், "டாக்டர் அலையக் கூடாதுன்னுட்டாரு" என்பேன். டாக்டர் சொன்னதோ, தினமும் நன்றாக நடங்கள் என்று. வீட்டுக்கும் கொல்லைக்கும் நடப்பதுதான் என் நடை. சிறையில் இருப்பவனுக்காவது வெளியே வரும் தேதி தெரியும்.

இதையெல்லாம் கவனிக்கத்தான் ஆஸ்பத்திரியில் ஓர் ஏற்பாடு இருந்தது. நாம் வீட்டில் இருந்தபடியே அவர்கள் கண்காணிப்பார்கள். போனில் ஓர் ஆப். மாதாமாதம் அதில் கேள்விகள் வரும். இங்கேயே லேபில் ரத்தம் கொடுத்தால் அந்த அளவும் அதில் ஏறிவிடும். பதிலில் ஏதாவது கோளாறு தெரிந்தால் கூப்பிட்டுப் பேசுவார்கள். அருமையான ஏற்பாடு, நான் குறை சொல்லமாட்டேன். கவுன்ட்டரில் போன் நம்பர் கேட்டார்கள். நம் பக்கத்து அப்பன்மார் என்ன செய்வோம்? கேஸ் சிலிண்டருக்கும் பேங்குக்கும் செய்வதைத்தான் நானும் செய்தேன். "எம்பொண்ணு நம்பரைப் போட்டுக்கம்மா, அவளுக்குத்தான் இதெல்லாம் அத்துப்படி" என்று பெருமையாகச் சொன்னேன். அங்கே மாட்டியவன்தான்.

என் மூத்திரத்தைப் பற்றிய கேள்வியெல்லாம் சென்னையில் இருக்கும் என் மகளுடைய போனுக்குப் போக ஆரம்பித்தது. என்னென்ன கேள்விகள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். கசிவு இருக்கிறதா, எத்தனை பேடு மாற்றுகிறீர்கள், தாம்பத்தியம் எப்படி. அட கருமமே! பெற்ற மகள் அப்பனிடம் இதைக் கேட்பாளா? அவள் அம்மாவைக் கூப்பிட்டு, "அப்பாவுக்கு அந்த... பாத்ரூம் தொந்தரவு ஏதாவது இருக்காம்மா?" என்பாள். என் மனைவி போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம் வருவாள். கூடத்தைத் தாண்டுவதற்குள் கேள்வி இன்னும் இளைத்துவிடும்.

"ஏங்க, உடம்பு எப்படி இருக்குன்னு கேக்குறா."

"எனக்கென்ன கேடு? நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லு."

"நல்லா இருக்காராம்டி."

அவ்வளவுதான். அங்கே மகள் எல்லாக் கேள்விக்கும் 'பிரச்சினை இல்லை' என்று போட்டுவிடுவாள். மனைவிக்குத் தெரியாமல் இல்லை. என் கைலியை நானே அலசிக் கொல்லைக் கொடியில் போடுவதைத் தினமும் பார்க்கிறவள். மகளிடம் சொல்ல அவளுக்கும் நா எழவில்லை.

இந்த லட்சணத்தில் பேரனுக்குக் காதுகுத்து வைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டுக் குலதெய்வம் மன்னார்குடிப் பக்கம். பிள்ளையைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். எங்களுக்கு ஒரே பெண், அவளுக்கு அண்ணன் தம்பி கிடையாது. மாமன் இல்லாத வீட்டில் அம்மாவைப் பெற்றவன் மடிதான். அதாவது நான். வெள்ளை வேட்டி கட்டி, சம்பந்தி ஜனம் அத்தனையும் சுற்றி நிற்க, சம்மணம் போட்டு, திமிறுகிற பிள்ளையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு உட்கார வேண்டும். 

நடவு நேரம், ஆள் கிடைக்கவில்லை என்றேன். மகள் தேதியைத் தள்ளிவைத்தாள். முதுகுவலி என்றேன். வெடித்துவிட்டாள்.

"ரிப்போர்ட்ல ஒரு குறையும் இல்லப்பா! மாசாமாசம் நான்தானே போடுறேன்? உங்களுக்கு வர இஷ்டமில்ல, அதச் சொல்லுங்க. மாமன்தான் இல்ல, தாத்தா மடி கூடவா இல்ல எம்புள்ளைக்கு?"

அழுகிறாள் என்று குரலில் தெரிந்தது. நான் சொல்லி அனுப்பிய பொய்யே என் கழுத்தைப் பிடித்தது. போனை வைத்துவிட்டு, காப்பியில் சர்க்கரை இல்லை என்று மனைவியிடம் கத்தினேன். சர்க்கரை இருந்தது.

இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரி நர்ஸ் மகள் நம்பருக்குக் கூப்பிட்டு, நோயாளியிடமே பேச வேண்டும் என்றிருக்கிறார். மகள் என்னையும் அதே லைனில் சேர்த்துவிட்டாள்.

"சார், உங்க பதிலெல்லாம் ரொம்ப நல்லா இருக்கு. இனிமே வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்தாப் போதும்னு மாத்தப்போறோம். அதுக்கு முன்னாடி உங்க வாயால கேட்டுக்கணும். கசிவு இருக்கா சார்?"

லைனில் பேரனின் மழலை கேட்டது. அப்படியானால் மகள் போனை வைக்கவில்லை, கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் மானம் தப்பும், ஆனால் அவர்கள் என்னைக் கைகழுவிவிடுவார்கள். சாகிறவரை கறுப்புக் கைலிதான். வந்தது பார் ஒரு கோபம்.

"இருக்கும்மா! ஒழுகிக்கிட்டே இருக்கு! பேடு வைக்காம வாசப்படி தாண்ட முடியல. மனுசனா பொறந்தவன் நாலு பேரு நடுவுல உக்கார முடியல. போதுமா?"

"கத்தாதீங்க சார். இதத்தானே இத்தனை நாளாக் கேட்டுக்கிட்டிருக்கோம்" என்றார் நர்ஸ், நிதானமாக. இதற்குப் பயிற்சி உண்டு, சிகிச்சை உண்டு, அடுத்த வாரமே நேரில் வாருங்கள் என்று நாள் குறித்துக்கொடுத்துவிட்டு வைத்தார்.

மகளும் நானும் மட்டும் லைனில். எனக்குக் கூசிப்போயிற்று.

"அப்பா."

"ம்."

"காதுகுத்துக்கு வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு வாங்க." வைத்துவிட்டாள்.

இவளுக்குக் காது செவிடா? இவ்வளவு சொல்லியும் இப்படி ஒரு பிடிவாதமா? ஆஸ்பத்திரி நாளுக்கு முன்னாலேயே காதுகுத்து வந்துவிட்டது. வழியெல்லாம் காரில் பொருமிக்கொண்டே போனேன். கோயிலில் மணையைப் போட்டு உட்கார வைத்தார்கள். எழுந்து ஓட வழியில்லை. சுற்றிலும் சம்பந்தி ஜனம், எதிரே வீடியோக்காரர். மகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"ஏம்மா, டயப்பர் போடலையா? மடியெல்லாம் ஈரம் பண்ணிருவானே" என்றார் சம்பந்தியம்மா.

"புழுக்கமா இருக்கு அத்தை. தாத்தா மடிதானே, பண்ணட்டும்."

சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமலே அவனை என் மடியில் வைத்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஆசாரி முதல் காதைக் குத்தியதும் பிள்ளை வீறிட்டான். இரண்டாம் காதுக்கு என் அடிவயிற்றிலேயே ஓங்கி உதைத்தான். பேடு தாங்கவில்லை. வேட்டியில் சூடாகப் பரவுவது தெரிந்தது. மகள் குனிந்து அவனைத் தூக்கினாள், வேட்டியைப் பார்த்தாள், ஊருக்கே கேட்கும்படி கத்தினாள்.

"அடப் படவா! தாத்தா வேட்டிய நனைச்சுட்டியேடா!"

கூட்டம் மொத்தமும் சிரித்தது. பேரன் ஒரு சொட்டு விடவில்லை. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நானும் சிரித்தேன். எத்தனை நாளைக்கு அப்புறம் அப்படிச் சிரித்தேன்! சிரித்ததில் இன்னும் கொஞ்சம் வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டேன்.