நெற்றியில் லாடம் வைத்த காளை

அதியமான்கோட்டை பைபாஸ் ஓரம் ஒரு டீக்கடை முன்னால், பழைய இரும்பிலேயே ஒரு காளையைச் செய்து நிறுத்தியிருக்கிறார்கள். விலா எலும்புக்கு லாரிப் பட்டை, கழுத்துத் தொங்கலுக்கு வரிசையாக சைக்கிள் செயின், கண்ணுக்கு பேரிங் குண்டு. யாரோ கூப்பிட்டது போல லேசாகத் திரும்பிய கழுத்து. எட்டாவதோடு நின்ற எனக்குச் சிலையைப் பற்றி என்ன தெரியும்? ஆனாலும் பஸ்ஸை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம்தான் நெற்றியைப் பார்த்தேன். ஒரு குதிரை லாடம். மூன்று ஓட்டையில் ஒரே மாதிரி போல்ட், நான்காவதில் மட்டும் சின்ன சைக்கிள் போல்ட்.

அது என் வீட்டுக்காரர் மொபெட்டின் முன்னால் இருந்த லாடம். கண்ணுபடும், அடிபடும் என்று நான் நச்சரித்த நச்சரிப்பில்தான் மாட்டினார். ஒரு போல்ட் குறைய, மகள் சைக்கிளிலிருந்து கழற்றினார். அதே வண்டியில் போனவர்தான் லாரியில் அடிபட்டு இறந்தார். உயிர் குடித்த வண்டி வாசலில் நின்றால் மகளுக்கும் ஏதாவது ஆகிவிடுமோ என்று, பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு இரும்புக்கடைக்குப் போட்டுவிட்டேன். யாரும் ஓட்டக் கூடாது, உடைத்துவிடுங்கள் என்றும் சொல்லியனுப்பினேன். அவர் கையால் செய்தது என்று சொல்ல அப்புறம் வீட்டில் ஒன்றுகூட இல்லை.

பக்கத்து வெல்டிங் பட்டறைக்காரர்தான் காளையைச் செய்தவர். லாடம் எங்கே கிடைத்தது என்று கேட்டேன்.

"ஏதோ பழைய வண்டிதுங்கக்கா. கழட்டப் பார்த்தேன், வரவேயில்ல. தகட்டோட அறுத்து வெச்சுட்டேன். எவனோ பயந்தாங்கொள்ளி, அப்படி இறுக்கியிருக்கறான்."

பயம் இறுக்கியவருடையதல்ல என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் என்ன ஆகும்? ஆள் செத்த வண்டி இரும்பு என்று தெரிந்தால் டீக்கடைக்காரர் காளையை ஒருநாள்கூட வைத்திருக்கமாட்டார். நானே வைத்திருக்கவில்லையே.

"ஏங்கக்கா, தெரிஞ்சவங்க வண்டியா?"

"இல்லீங்க. நல்லா இருக்குது, அதான் கேட்டேன்."

அவர் உள்ளே போனதும் லாடத்தைத் தொட்டேன். வெயிலில் சுட்டது. கையை எடுக்கவில்லை.

இப்போது எங்கள் ஸ்டாப்பை விட்டு, அங்கே நடந்து போய்த்தான் பஸ் ஏறுகிறேன். காளை முழுக்க வார்னிஷ் அடித்தவர், அந்தச் சின்ன போல்ட்டை மட்டும் விட்டுவிட்டார். மழை வந்தால் அது துருப்பிடிக்குமே என்பதுதான் இப்போது கவலை. பையில் தேங்காயெண்ணெய் வைத்திருக்கிறேன். யாரும் பார்க்காதபோது ஒரு விரல் தடவிவிட்டு வருகிறேன்.