ஸ்டோரில் காணாமல் போன பாறைகள்

ஆகஸ்ட் 12, திங்கட்கிழமை. காலை 8.40க்கு, எங்கள் தீவின் ஜங்லிகாட் பகுதியில் உள்ள என் போன் ரிப்பேர் கடையின் ஷட்டரைத் தூக்கினேன். வாசலில் தண்ணீர் தெளித்து, யுபிஎஸ்ஸைப் போட்டு, ஸ்க்ரூ டிரைவர்களை அளவு வாரியாக அடுக்கி, சனிக்கிழமை மீதமிருந்த நான்கு போன்களின் டோக்கனைச் சரிபார்த்தேன். பதினெட்டு வருடமாக இதே வரிசை.

முதலில் வந்தவர் அந்தோணி. டிங்கி எனும் சிறு படகு வைத்து மீன் பிடிப்பவர்; தூத்துக்குடியிலிருந்து வந்து எட்டு மாதம்தான். போன் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாக அணைந்து எழுந்தது.

"போட்டோ, கான்டாக்ட் வேணுமா?"

"வேணும் அண்ணாச்சி. பிள்ள படம் இருக்கு."

எடுத்து வைத்துவிட்டு, மற்ற எல்லாவற்றையும் அழித்துவிடும் ரீசெட்டைக் கொடுத்தேன். ஆப்களைப் பற்றிக் கேட்கவில்லை. ஆப் ஸ்டோரிலிருந்து திரும்ப இறங்கிவிடும் என்பதால் நாங்கள் யாரும் கேட்பதில்லை.

ஒன்று மட்டும் இறங்கவில்லை. இதே ஊரில் ஷாதிபூர் பகுதியில் இருக்கும் ஒரு கம்ப்யூட்டர் ஆசிரியர் செய்த ஆப் அது. மீனவர்கள் சொல்லச் சொல்ல, நீருக்கடியில் உள்ள பாறைகளை வரைபடத்தில் சிவப்புப் புள்ளிகளாகக் குறித்திருந்தார். நெட் இல்லாமலும் ஓடும். இந்தக் கடலின் பாறைகள் அந்தோணிக்கு அதன் வழியாகத்தான் தெரியும்.

ஆசிரியருக்கு போன் செய்தேன்.

"மூணு வாரம் முன்னாடியே ஸ்டோர்லேருந்து தூக்கிட்டாங்கண்ணே. ஏதோ விதிமீறலாம். என்ன விதின்னு மூணு மெயில் போட்டேன். மெஷின்தான் பதில் போடுது."

"ஃபைல் அனுப்புங்க, நேரா ஏத்திக்கிறேன்."

"ஃபைல் இருக்கிற லேப்டாப் சர்வீஸுக்கு சென்னை போயிருக்கு. கப்பல்லதான் வரணும்."

அந்தோணி சிரித்தார். "என்ன அண்ணாச்சி, மீனுக்கே இங்க பத்து கடை கிடக்கு. இதுக்கு ஒரே கடையா?"

"சாயந்திரம் வரைக்கும் பொறுங்க. காலைல போன படகெல்லாம் வரட்டும், அவங்க போன்லேருந்து எடுத்துத் தர்றேன்."

"ஐஸ் ஏத்தியாச்சு. மச்சான் சேவியர் ஜெட்டித் துறைல படகோட நிக்கான். சலேகா, சலேகா." 'பரவாயில்லை, சமாளிச்சுக்கலாம்' என்று அர்த்தம்; எட்டு மாதத்தில் அவர் கற்ற இந்தி அவ்வளவுதான். போய்விட்டார்.

முன்பு இந்தச் சிக்கல் வந்திருக்காது. கடலடி கேபிள் வந்து நெட் வேகமாகும்வரை எங்கள் கடைகள் எல்லாவற்றிலும் ஒரு மெமரி கார்டு இருக்கும். ஆப் ஃபைல்களை அதில் வைத்திருந்து, கேட்பவர்கள் போனில் ஏற்றுவோம். ஒருமுறை அப்படி நான் ஏற்றிய போலி ஆப், ஒரு பெண்ணின் படங்களை யாருக்கோ அனுப்பிவிட்டது. அந்தப் பெண் ஊரைவிட்டே போனார். அன்று அந்தக் கார்டை உடைத்தேன். "ஸ்டோர்ல மட்டும் இறக்குங்க, அதுதான் பாதுகாப்பு" என்று அதன் பிறகு எல்லோரிடமும் சொன்னேன். அது பொய்யில்லை. வாசலில் காவல் இருப்பது மக்களுக்கு நல்லதுதான். ஆனால் வாசலே ஒன்றுதான், ஏன் தடுத்தாய் என்று கேட்கவும் ஆளில்லை என்றால், அந்த நன்மை காவல்காரன் மனம் வைக்கும்வரைதான்.

3.30க்கு எதிரே நிற்பவர் தெரியாத மழை. 5.20க்குச் செய்தி வந்தது: டிங்கி பாறையில் மோதி உடைந்துவிட்டது. அந்தோணியை வேறொரு படகு மீட்டது. சேவியர் கிடைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அந்தோணி என்னைத் திட்டவில்லை. "அந்தப் பாறைக்குப் புள்ளி இருந்துச்சா அண்ணாச்சி?" என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். ரீசெட்டுக்கு முன், எந்த ஆப் இல்லாமல் உங்களுக்கு நாள் ஓடாது என்று கேளுங்கள். அதன் ஃபைலை எடுத்து வைத்த பிறகே பட்டனைத் தொடுங்கள். திரும்ப இறங்கும் என்று ஸ்டோர் எனக்கு வாக்குக் கொடுக்கவில்லை. நானாக நம்பினேன்.

மறுநாள் காலை 5.15க்குப் புது மெமரி கார்டுடன் ஜெட்டிக்குப் போனேன். சேவியரைத் தேடும் படகு கிளம்பத் தயாராக நின்றது. அதில் ஏறவிருந்த ஒரு மீனவரின் போனை வாங்கி, அந்தப் பாறை ஆப்பின் ஃபைலைக் கார்டில் ஏற்றினேன். ஆப்பின் வரைபடத்தைத் திறந்து, டிங்கி மோதிய இடத்தைக் காட்டச் சொன்னேன். அவர் விரல் வைத்த இடத்தில் சிவப்புப் புள்ளி இருந்தது.